மணக்காத அத்தர்

பிணத்தின் சட்டைப் பைக்குள் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜெயபாரதி அதை எடுத்தார். திரையில் பெயர்... 'அத்தர் ரெஹான்.'

அடையாறு. மாலை ஆறு மணி. கொன்றை மரத்தடியில் ஏணி விழுந்து கிடந்தது. பக்கத்தில், பின்மண்டை உடைந்து சுரேஷ்குமார். பூச்சி நிபுணர்.

ஏணியை யாரோ இழுத்த தடம் மண்ணில் அப்படியே இருந்தது.

"மரத்துல தொங்குதே மஞ்சள் டப்பா, அது இன்னா?"

"இனக்கவர்ச்சிப் பொறி மேடம்," என்றார் சுரேஷின் தொழில் கூட்டாளி லாரன்ஸ். "கம்பளிப்பூச்சி தெரு மரத்தையெல்லாம் மொட்டையடிச்சுது. பொட்டை அந்துப்பூச்சி வாசனையை ஒரு சொட்டு விட்டா, ஆண் பூச்சி பூரா வந்து பசையில மாட்டிக்கும். அப்புறம் முட்டை ஏது, புழு ஏது?"

"ஒண்ணும் மணக்கலையே?"

"மனுஷ மூக்குக்குத் தெரியாது. அந்த வாசனை இருந்த குப்பியைத்தான் காணோம். ரிப்போர்ட்டையும் காணோம்."

"இன்னா ரிப்போர்ட்?"

லாரன்ஸ் எதிர்வீட்டைக் காட்டினார். "அத்தர் கடை கலீமுல்லா பாய் வீடு. அவங்க சந்தன அத்தர்ல சந்தனமே இல்லைன்னு சுரேஷ் லேப்ல கண்டுபிடிச்சான். காலைல அவர் மகன் ரெஹான் போன்ல கத்தினாரு."

கேட்டருகே கலீமுல்லா நின்றிருந்தார். எழுபது வயது. வளையாத முதுகு.

"நாலு தலைமுறைம்மா. எங்க வாசல்ல போலீஸ் நின்னதில்ல."

"நின்னுட்டோம் பாய். மகனைக் கூப்பிடுங்க."

ரெஹான் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"செத்தவனுக்கு எதுக்குப்பா போன்?"

"செத்தது தெரியாது மேடம். ரிப்போர்ட்டை வெளிய விடாதீங்கன்னு கெஞ்சத்தான்..."

"நல்லா நடிக்கிற. ஜீப்ல ஏறு."

அப்போது ஒரு அந்துப்பூச்சி பறந்து வந்தது.

ரெஹானைத் தாண்டியது.

கலீமுல்லாவின் மணிக்கட்டில் உட்கார்ந்தது. இன்னொன்று, அவர் காதுக்குப் பின்னால். தட்டிவிட்டார். திரும்ப வந்தன. ஐந்து... பத்து... இருபது...

"மேடம்," என்றார் லாரன்ஸ். "ரெஹான் மேல ஒண்ணுகூட இல்ல."

ஜெயபாரதி மெதுவாகக் கேட்டார். "பாய்... குப்பியை இன்னா பண்ணீங்க?"

பெரியவர் தன் மணிக்கட்டையே பார்த்தார். முகத்தில் பயமில்லை. வருத்தமுமில்லை.

"அத்தர்காரன் கையில குப்பி கிடைச்சா தடவிப் பார்க்காம இருக்க மாட்டான். ரிப்போர்ட்டை எடுக்கக் குனிஞ்சேன். பக்கத்துல அது கிடந்துச்சு. மணிக்கட்டுல தடவினேன், காதுலயும். மணக்கல. நம்மளக் கலப்படம்னு சொன்னவன் வெறும் தண்ணி வச்சிருக்கான்னு நினைச்சேன்."

"ஏணி?"

"எங்க குடும்பப் பேரு அவன் பையில இருந்துச்சு. இழுத்தேன்."

"அத்தா..." என்றான் ரெஹான்.

"கடையைத் திற. நாளைக்கும் திற," என்றார் அவர். நிமிர்ந்தபடியே நடந்து ஜீப்பில் ஏறினார். பூச்சிகளும் கூடவே ஏறின.

"கதவைச் சாத்திரவா மேடம்?" என்றார் டிரைவர்.

"வுடுய்யா," என்றார் ஜெயபாரதி. "அசல் சரக்குன்னா கூட்டம் வரத்தான் செய்யும்."