எந்த மாமா?

செலியமேட்டில் அந்த வீட்டுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. கரும்புத் தோட்டம் முடிகிற இடத்தில், மாடி வைத்த ஒரே ஒரு மெத்தை வீடு. வாசலில் நெல் காயவைத்திருந்தார்கள். பிற்பகல் மூன்று மணி வெயில். வக்கீல் பிரியதர்ஷினி காரை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

என் பெயர் சார்லஸ். பாகூர்ப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஆம்பளை நர்ஸ் என்று முப்பது வருஷமாகக் கிண்டல் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவன். ஆனால் நான் ஊசி போட்டால் வலிக்காது, அதற்காகவே கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. அன்றைக்கு எனக்குக் கோர்ட் உத்தரவுப்படி வேலை. அந்த வீட்டுப் பெரியவர் சுப்பராயலுவின் ரத்தத்தை எடுத்து, சீல் வைத்து, டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

விஷயம் பதின்மூன்று வருஷத்துப் பழசு. அந்த வீட்டு மருமகள் மஞ்சுளாவை, மோட்டார் கொட்டகையில் குரல்வளை நசுங்கிக் கிடந்தவளை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். இருபத்துமூன்று வயசு. சாகும் முன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “மாமா.” டாக்டர் அதைத் தாய்மாமன் என்று எழுதிக்கொண்டார்.

அவளுடைய அம்மாவின் தம்பி பச்சையப்பன். மஞ்சுளாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன். இந்த வீட்டில் பெண் கொடுத்ததும் மனசு ஒடிந்துபோனான். கல்யாணத்துக்குச் சீர்த்தட்டோடு வந்து, வைத்துவிட்டு, சாப்பிடாமல் போனான். ஊருக்கு அது போதும், போலீசுக்கும் போதும். ஆயுள் தண்டனை கொடுத்துக் காலாப்பட்டு ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிரியதர்ஷினி இலவசச் சட்ட உதவிக்காக அந்தக் கேஸைக் கையில் எடுத்தவர். பிணத்தின் விரல் நகங்களை வெட்டிச் சீல் வைத்த உறை, சோதனைக்கே போகாமல் அலமாரியில் கிடந்ததைக் கண்டுபிடித்தார். நகக்கண்ணில் ஓர் ஆணின் தோல் இருந்தது. அது பச்சையப்பனுடையது இல்லை. ஆனாலும் கோர்ட் விடவில்லை. செத்தவளே வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாள், இவன் இல்லையென்றால் வேறு யார் என்று காட்டுங்கள் என்றது. சம்பவத்தன்று அந்த வீட்டிலிருந்த ஆம்பளைகளில் ஒருவர் கிழவர், அதற்குத்தான் அவர் ரத்தம். அது பொருந்தினால் பச்சையப்பன் குற்றமற்றவனாக வெளியே வருவான்.

வரும் வழியில் காரில் வக்கீல் என்னிடம் ஒன்று கேட்டார். அந்த டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது, இப்போது உயிரோடும் இல்லை. ‘உடனிருந்த ஊழியர் உறுதி செய்தார்’ என்று குறிப்பில் ஒரு வரி இருக்கிறது, பெயர் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் நீங்களும் வேலை பார்த்திருக்கிறீர்களே, யாரென்று தெரியுமா என்றார்.

தெரியாது என்றேன்.

நான்தான் அந்த ஊழியர்.

அவள் “மாமா” என்று முனகியபோது டாக்டர் என் பக்கம் திரும்பினார். அவருடைய இந்தியில் மாமா என்றால் தாயின் சகோதரன். வேறு அர்த்தமே கிடையாது. ‘மதர்ஸ் பிரதர், ரைட்?’ என்று கேட்டார். எனக்கு டியூட்டி முடிகிற நேரம், கால் கடுத்தது. தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து எதையோ மறுக்கப் பார்த்தாள். வலியில் துடிக்கிறாள் என்று கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் பிணவறை வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள்: “மாமனார வாய்க்கு வாய் மாமா மாமான்னு தானே கூப்டும் இந்தப் பொண்ணு.” அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. நம் பக்கத்தில் தாய்மாமனும் மாமா, மாமனாரும் மாமா. குழந்தைக்கும் தெரியும் இது. எந்த மாமா என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். போய்ச் சொன்னால் வேலை போகும், பொய் சொன்னவன் என்று என்னையும் உள்ளே தள்ளுவார்கள். நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். பதின்மூன்று வருஷம் மூடியபடியே இருந்தேன். இப்போது ரத்தமே பேசிவிடப் போகிறது, நான் எதற்குப் பேச வேண்டும்? அந்த நினைப்பில் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தேன்.

மஞ்சுளாவின் புருஷன் அரிகரன் எங்களை உள்ளே விட்டான். தன் ரத்தத்தைக் கொடுக்க முடியாது என்று மனுப் போட்டிருப்பவன், எங்கள் முகத்தையே பார்க்கவில்லை. அப்பாவுக்கு வாதம் வந்து பேச்சு போய்விட்டது என்றும், கையில் போட்டிருக்கிற கட்டை அவிழ்க்கக் கூடாது என்றும் மட்டும் சொன்னான். வக்கீல் கூடத்திலேயே உட்கார்ந்து அவனிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கினார். நான் மட்டும் அறைக்குள் போனேன்.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடை, அது எனக்குப் பழக்கம்தான். அதற்கும் அடியில் இன்னொரு வாடை இருந்தது. மோட்டார் கொட்டகையில் அடிக்குமே, ஈரச் சிமெண்டும் கிரீசும், அது.

கட்டிலில் சுப்பராயலு எலும்பாகக் கிடந்தார். இரண்டு கைகளையும் பழைய வேட்டித் துணியால் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆனால் கழுத்து முழுக்க நகக் கீறல்கள். சில காய்ந்திருந்தன. சில பச்சையாக இருந்தன.

ஒரு கீறலில் அப்போதுதான் ரத்தம் கசிந்தது.

கட்டிய கைகள் அசையவில்லை.

நான் தொழில்காரன், நடுங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். முழங்கைக்கு மேல் ரப்பர் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியை ஏற்றினேன். கிழவரின் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தன. வாயோரம் எச்சில் வழிய, குழந்தை மாதிரி விசும்பினார்.

என் காதருகில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

நசுங்கின தொண்டையிலிருந்து வருகிற குரல். நான் அதை ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

“எந்த மாமான்னு கேளுண்ணா.”

குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உயிருள்ள உடம்பிலிருந்து வருகிற ரத்தம் விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரியும். இது பானைத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது.

“அண்ணா. இப்பவாச்சும் கேளு.”

நான் கேட்கவில்லை. குழாயை மூடி, அரக்கு வைத்து, பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் பட்டதும் வாந்தி எடுத்தேன். மதியம் சாப்பிட்டது சேரவில்லை என்று வக்கீலிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் கிழவர் செத்தார். அன்றே எரித்துவிட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து அறிக்கை வந்தது. பிரியதர்ஷினி போனில் அழுதுகொண்டே படித்தார். நான் அனுப்பிய ரத்தம் ஆணுடையதே இல்லை. அது ஒரு பெண்ணின் ரத்தம். நகங்கள் எந்தப் பெண்ணுடையவோ, அதே பெண்ணின் ரத்தம்.

செத்துப் பதின்மூன்று வருஷமானவளின் ரத்தத்தை எங்கிருந்து கொண்டுவந்து மாற்றினீர்கள் என்று பரிசோதனைக்கூடம் விளக்கம் கேட்டிருந்தது. மறுபடி எடுக்கலாம் என்றால் கிழவர் சாம்பலாகிவிட்டார். அரிகரனின் மனு எந்த வருஷம் முடியும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு உறைத்தது. ரத்தத்தின் முதுகில் ஒளிந்துகொண்டு நான் தப்பிக்கக் கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். என் வாயால் வரவேண்டும் என்று கேட்கிறாள்.

அப்போதே போயிருக்கலாம். போகவில்லை. ஓய்வு பெற எட்டு மாசம்தான் பாக்கி என்று யோசித்தேன். யோசித்து யோசித்து மூன்று வாரத்தை ஓட்டினேன். தினமும் ஊசி ஏற்றும் ஒவ்வொரு கையும் சில்லென்று இருந்தது. பால் குடிக்கிற குழந்தையின் கைகூட. இருபத்திரண்டாவது நாள் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, பாண்டிக்குப் பஸ் ஏறி, வக்கீல் ஆபீசில் போய் நின்றேன். உட்காராமலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மாமனாரைத்தான் சொன்னாள், தலையாட்டியது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பதின்மூன்று வருஷத்தில் முதல் முறையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

பிரியதர்ஷினி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“நேத்து வந்திருக்கக் கூடாதா சார்?” என்றார்.

ரத்தப் பரிசோதனை கெட்டுப்போனது தெரிந்ததும் பச்சையப்பன் மனசு உடைந்துபோனான். முன்கூட்டியே விடுதலை வேண்டுமானால் செய்த தப்பை ஒத்துக்கொண்டு, வருந்தி எழுதிக் கொடு என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள்தான் எழுதிக் கொடுத்தான். ‘என் அக்கா மகளை நான்தான் கழுத்தை நெரித்துக் கொன்றேன்.’ வழக்கையும் வாபஸ் வாங்கிவிட்டான். ஒத்துக்கொண்டவனுக்காக இனி யாரும் நம் பேச்சைக் காதில் வாங்க மாட்டார்கள், உங்கள் கையெழுத்தை வைத்து நான் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, மேஜை மேலிருந்த காகிதக் கட்டை மூடினார். வாசல்வரைகூட வரவில்லை.

இரண்டு மாசத்தில் பச்சையப்பன் வெளியே வந்தான். ஊர் அவனைச் சேர்க்கவில்லை. அவனே ஒத்துக்கொண்டானே. அவனுடைய அக்கா, மஞ்சுளாவின் அம்மா, அவன் முகத்தில் கதவைச் சாத்தினாள். இத்தனை வருஷம் தம்பி செய்திருக்க மாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவன் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தான். நாற்பது பேர் கூட்டம். டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் என் எதிரே வந்து அமர்ந்தான். நரைத்த தலை. சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். நான் எழுந்து அவன் காலில் விழப் போனேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னான்.

“ஜெயிலுக்கு உள்ள போன மொத நாளே மஞ்சுளா உங்க பேரச் சொல்லிச்சு சார்,” என்றான். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “சார்லஸ் அண்ணன் வரும், வந்து சொல்லும், மாமான்னு தெனம் சொல்லிகினே இருந்துச்சி. வக்கீலம்மா கிட்ட சொன்னா பைத்தியம்னுவாங்க. அதான் நானும் காத்துகினே இருந்தேன்.”

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இன்னாத்துக்கு சார் அதெல்லாம்,” என்றான். “பதிமூணு வருசம் என்கூடவே இருந்துச்சி. அண்ணன் ஏன் வரலன்னு அது கேக்கறதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எனக்கும் வூடு இல்ல, வாசல் இல்ல, அத எங்க வெச்சிக்குவேன். தாய்மாமன் நானு. கொண்டாந்து வுட்டுட்டேன். இனிமே நீங்க பாத்துக்குங்க.”

எழுந்தான். யாரோ ஒருத்தியின் தலையைத் தடவுவது போல வெறும் காற்றை ஒருமுறை தடவினான். திரும்பிப் பார்க்காமல் பஸ் ரோட்டுப் பக்கம் நடந்து போனான்.

வேலையைப் பார்ப்போம் என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். சர்க்கரைக்கு மாசாமாசம் வருகிற தையலம்மாள். கிட்டத்தில் வந்தவர் உட்காராமல் நின்றார்.

“எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல தம்பி,” என்றார். “மொதல்ல அந்தப் பொண்ணப் பாரு. கழுத்தப் புடிச்சிகினு நிக்குது, பேச்சே வரல பாவம்.”

அவர் கை காட்டிய இடம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.