மிஞ்சிய பலகையில் டைனோசர்

அரிந்து, அரம் போட்டு, பகல் முழுக்க வெயிலில் காயவைத்த மர விலா எலும்பு மறுபடியும் ஈரமாக இருந்தது. ஆனந்தராசா அதை மூக்கருகே கொண்டுபோனான். மாம்பலகையின் வாசம் இல்லை. அப்போதுதான் வெட்டிப்போட்ட மண்ணின் வாசம் வந்தது. மழையைக் கண்டே மாதக்கணக்காகிறது, ஈரம் எங்கிருந்து வரும் என்று முணுமுணுத்தபடி இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தான். துடைக்கத் துடைக்க நனைந்தது.

சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் கொட்டில்களில் சும்மா குந்தியிருக்கிறார்கள், ஏதாவது விளையாட்டுச் சாமான் செய்து தாருங்கள் என்று முகாமில் கேட்டிருந்தார்கள். படப்புத்தகத்தில் பார்த்த டைனோசரை எலும்பு எலும்பாக அரிந்து, ஒன்றின் வெட்டுக்குள் இன்னொன்றைச் செருகி நிறுத்துகிற மாதிரிச் செய்தான். அதற்குப் பரீட்சை அதிகாரி அவன் மகள் நிரோஜா. ஆறு வயது. ஒருவரிடமும் கேளாமல் அவள் பொருத்தி முடித்தால்தான் சாமான் முகாமுக்குப் போகும். அதிகாரி அந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. மனைவி அன்னலட்சுமி பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில். ஊரடங்கு போட்டாயிற்று, கரண்டும் இல்லை. வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்.

பின்பக்கத்துப் பட்டறையில் அரிக்கன் லாம்புக்கு முன்னால் அவன் இருந்தான். துறைமுகத்தில் கடற்படை தண்ணீருக்குள் போடுகிற குண்டு இடைக்கிடை வெடித்து, யன்னல் கண்ணாடியை நடுக்கிவிட்டுப் போனது. அது பழகிய சத்தம். பழகாத சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது. டொக். டொக். டொக். எலும்புகள் பொருந்துகிற சத்தம்தான். ஆனால் ஒரு பிள்ளையின் இரண்டு கைகள் அவ்வளவு விரைவாகப் பொருத்தாது. நடுநடுவே மகள் மெல்லப் பேசுவதும் கேட்டது.

"நிரோஜா, ஆரோடையம்மா கதைக்கிறாய்?"

"பிள்ளையளோட, அப்பா."

"எந்தப் பிள்ளையள்?"

"பலகை அவையின்ரதாம். டைனோசர் வேண்டாமாம். மூடி எங்கையெண்டு கேக்கினம்."

அரம் அவன் கையிலிருந்து விழுந்தது. ஷெல் விழுந்த கிழமை சின்னச் சவப்பெட்டிகள் செய்தவன் அவன்தான். அந்தப் பலகையில் மிஞ்சியதைத் தச்சர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சிராய்கூட விடாமல் குழிக்குள் போட்டு மூடிவிடுவார்கள். அவனுக்கும் அது தெரியும். ஆனால் பாதை பூட்டி, ஊருக்குள் பலகையே வராத நேரம். நல்ல மாம்பலகையை மண்ணுக்குள் போட மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்துவிட்டான். எந்தப் பிள்ளைகளுக்கு என்று யோசிக்கவில்லை.

லாம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

அறையில் ஒரு டைனோசரும் இல்லை. விலாவும் வாலும் கழுத்தும், அவன் ஒருபோதும் அரியாத விதத்தில் ஒன்றுக்குள் ஒன்று இறுகி, நாலு பக்கமும் சுவராக நின்றன. நடுவில் நிரோஜா நிமிர்ந்து படுத்திருந்தாள். கைகள் மார்பின்மேல்.

"அளவு சரியோ எண்டு படுத்துப் பாக்கச் சொன்னவை. சரியாத்தான் இருக்கு, அப்பா."

"எழும்பம்மா. என்ர குஞ்செல்லே, எழும்பு."

"ஏலாது. பிடிச்சிருக்கினம்."

லாம்பை வைத்துவிட்டு அவளை அள்ளினான். காலையில் ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் வைத்த பிள்ளை. அசையவில்லை. கால் ஊன்றி இழுத்தான். அசையவில்லை. அவனுக்கு அழுகை வந்தது. அவள் உடுப்பெல்லாம் ஈரம். மண் வாசம்.

"என்னை எடுங்கோ. பிள்ளையை விடுங்கோ," என்று இருட்டைப் பார்த்துக் கும்பிட்டான்.

பட்டறையில் பலகை அரிகிற வாள் ஓடத் தொடங்கியது.

அங்கே யாரும் இல்லை. ஆனால் அவனுடைய வாள்தான். நீளமாக அரிந்தது. நின்றது. அரம் தேய்த்தது. அதுவும் நின்றது.

பிறகு காலடிகள். வெறுங்கால்கள். பாரம் தூக்குகிறவர்களின் நடை.

நிரோஜா கண்களை மூடிக்கொண்டாள்.

வாசலில் பலகை ஒன்று தாழ்வாக, படுக்கையாக, உள்ளே வந்தது. அதன் விளிம்பு நெடுக விரல்கள். எல்லாம் சின்ன விரல்கள்.