செல்வி ஏற்ற பழி

நாகர்கோவில் பஸ் போய் வெகுநேரமாகிவிட்டது. சகாயசெல்வி இன்னும் வீட்டுச் சேலையோடு அடுப்படியில்தான் நின்றாள்.

"என்னட்டி, மகாராணிக்கு இன்னைக்குக் காலேஜு இல்லியா?" மாமியார் வேளாங்கண்ணி மீன் கூடையை முற்றத்தில் தொப்பென்று போட்டாள். "கடப்புறத்துல ஊரே சிரிக்கி! நேத்து ஆளெடுக்க வந்த கம்பெனிக்காரன் முன்னால நீ செஞ்ச கூத்துல ஒனக்க பேர வெட்டிட்டாங்களாமே... மெய்யா?"

"மெய்தான் மாமி..."

வேளாங்கண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். அடிக்காமல் என்ன செய்வாள்? மகன் மரியஜான் வள்ளத்தில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு, இனிக் கடலே இல்லையென்று கட்டிலில் கிடக்கிறான். அதன் பிறகுதான் அவன் மனைவி செல்வியும் தங்கை ரெஜிஷாவும் சமுதாயக் கல்லூரியில், செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ளே வைக்கிற சிப் செய்யும் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். தூசு துரும்பு நுழையக்கூடாத கண்ணாடி அறை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. பூ, பொட்டு, பவுடர் எதுவும் ஆகாது. தேர்வானால் ஓசூரில் வேலை. அந்த வேலையை நம்பித்தான் இந்த வீடே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"ஏட்டி செல்வி..." கட்டிலிலிருந்து மரியஜான் கேட்டான். "நான் கெடக்குற கெடப்ப ஒரு நிமிஷம் நெனச்சியா? அப்பிடி என்னதான் செஞ்ச?"

மாமியாரின் வசவைத் தாங்கியவளுக்குக் கணவனின் இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"சிப்பு செய்யுற தகட்டுல தூசி விழுந்துட்டு... லென்ஸ் வச்சுப் பாத்தாங்க. பவுடருன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. எங்க மேசையில பவுடர் போட்டது யாருன்னு டீச்சர் கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன்."

"பவுடரா! குடும்பத்தைக் கெடுக்க ஒனக்குப் பவுடரா கெடச்சுது? நீயெல்லாம்..."

வேளாங்கண்ணி பாதியில் நிறுத்தினாள்.

"நில்லு. நீ எப்பட்டி பவுடர் போட்ட? பட்டாலே தோலு தடிக்குமின்னு கல்யாணத்தன்னைக்கே தொடச்சு எறிஞ்சவளாச்சே நீ!"

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேளாங்கண்ணிக்கு நேற்றுக் காலை நடந்தது நினைவுக்கு வந்தது.

நேற்று மாலை கோயில் கொடியேற்று. காலேஜிலிருந்து நேராக அங்கே வரும் ரெஜிஷாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. "வேண்டாம்மா, டீச்சர் ஏசுவாங்க" என்று காலையில் மகள் கெஞ்சக் கெஞ்ச, "மூஞ்சில போடலட்டி... கழுத்துல போட்டா உடுப்பு மூடிக்கிடும், எவளுக்குத் தெரியும்?" என்று அப்பி அனுப்பியது வேளாங்கண்ணியேதான்!

தலைவலி என்று உள்ளறையில் சுருண்டு கிடந்த ரெஜிஷா அழுதபடி ஓடி வந்தாள்.

"எல்லாம் என்னாலதாம்மா! டீச்சர் கேட்டப்ப எனக்கு நாக்கு எழும்பல. மைனி கையத் தூக்கிட்டாவ... கம்பெனிக்காரன் என்னை எடுத்துட்டான், மைனிய வெளிய அனுப்பிட்டாங்க!"

யாரும் சொல்வதற்கு முன்பே அண்ணனின் தலைமாட்டிலிருந்த போனை எடுத்தாள். செல்வி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "வேண்டாம் ரெஜி... ஒனக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது..."

"விடுங்க மைனி!"

ராகேல் டீச்சரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். டீச்சர் சொன்ன பதிலைக் கேட்கக் கேட்க ரெஜிஷாவின் முகம் வெளுத்தது. "சரி டீச்சர்... அது போதும் டீச்சர்."

போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "மைனிக்க பேர திரும்பச் சேக்காங்களாம். எனக்க பேர எடுத்துட்டாங்க. நான் அடுத்த வருசம் முதல்லேருந்து படிக்கணுமாம்."

பெற்ற மகளின் வேலை கண்ணெதிரே போனது. ஆனாலும் வேளாங்கண்ணி மருமகளிடம்தான் போனாள்.

"இம்புட்டு ஏசுனேனேட்டி... எங்கிட்டயாவது சொல்லியிருக்கப்பிடாதா?"

"எப்பிடி மாமி சொல்லுவேன்?" செல்வி விம்மினாள். "அவதான்னு சொன்னா, பூசி விட்டது யாருன்னு கேப்பாங்க... அம்புட்டு பேருக்க முன்னால ஒங்க பேரச் சொல்ல எனக்கு வாய் வருமா?"

"எனக்க மக்களே!" என்று அலறி அவளைக் கட்டிக்கொண்டாள் வேளாங்கண்ணி. கட்டிலில் மரியஜான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதான்.