நகராத மெக்னீசியம்

ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வுக்கூடத்தில் முறைகேட்டுப் புகார்களை விசாரிப்பவர் ஹில்ட்ரூட் ரோம். அவர் எதிரே வந்து உட்கார்ந்த ஆராய்ச்சி மாணவி மாரைகேயின் கண்கள் சிவந்திருந்தன.

"நாளைக்கு என்னை வெளியே தள்ளிடுவாங்க," என்றாள். "மெக்னீசியம் பேட்டரிக்கான திரவத்தைக் கணினியில ஓட்டிப் பார்த்தேன். மெக்னீசியம் உப்போட ஒட்டாம தனியா இருக்கும்னு வந்துச்சு. அப்படி இருந்தாத்தான் பேட்டரி நல்லா ஓடும். நிஜத் திரவத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்குது. நான் விடையைத் திருத்திட்டேன்னு என் வழிகாட்டி ப்ரொஃபசர் ஸ்ட்ரோபலே புகார் கொடுத்துட்டார்."

"எத்தனை தடவை ஓட்டினீங்க?"

"மூணு. இம்மி பிசகாம ஒரே விடை."

"எங்கேருந்து ஆரம்பிச்சீங்க?"

"ப்ரொஃபசர் கொடுத்த அமைப்புலேருந்து, அதுல மெக்னீசியம் தனியா இருந்துச்சு. வேற எதையும் தொடாதேன்னார்."

ரோமின் உதவியாளன் பென்னோ பிரெட்சல் ரொட்டியை மென்றபடி சிரித்தான். "அவரா? அவர் வகுப்புல முதல் பாடமே, ஒரே தொடக்கத்தை நம்பாதேங்கிறதுதான். விடுங்க, திரவத்தைக் கலக்கினவன்தான் கெடுத்திருப்பான்."

ரோம் ஓட்டத்தின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் திரையில் அருகருகே வைத்தார். மெக்னீசியத்தைச் சுற்றித் திரவத்தின் ஆறு ஆக்சிஜன் அணுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இரண்டு படங்களிலும் அதே ஆறு எண்கள்தான். ஸ்ட்ரோபலைக் கூப்பிடச் சொன்னார்.

"இந்தப் பொண்ணு எதையும் திருத்தல," என்றார் ரோம், ஸ்ட்ரோபல் வந்ததும். "மெக்னீசியம் பிடிச்ச பிடியை லேசுல விடாது. கணினியில நாம ஓட்டுற நேரம் அதுக்குக் கண் சிமிட்டக்கூடக் காணாது. தனியா வெச்சா தனியாவே நிக்கும். பூட்டின அறையை மூணு தடவை எட்டிப் பார்த்தா, உள்ளே அதே ஆள்தானே இருப்பான்?"

"அப்போ இது தெரியாம நடந்த தப்பு," என்றார் ஸ்ட்ரோபல்.

"உங்களுக்கா தெரியாது? ஊருக்கெல்லாம் சொல்லித் தர்ற பாடத்தை இவளுக்கு மட்டும் ஏன் தடுத்தீங்க? ஒட்ட வெச்சு நீங்களே ஓட்டிப் பார்த்திருக்கீங்க, கணினிப் பதிவுல இருக்கு. அது ஒட்டினபடியே நின்னுச்சு."

பென்னோ மெல்லுவதை நிறுத்தினான். ஸ்ட்ரோபல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது வெளியே தெரிஞ்சா திட்டத்தையே மூடிடுவாங்கன்னு பயந்தேன். நிஜத் திரவம் வேற மாதிரி வந்ததும் பழியை இவ மேல போட்டேன்."

மாரைகே எழுந்தாள். "என்னை உள்ளே வெச்சுப் பூட்டினதும் நீங்க. திருடி மாட்டிக்கிட்டாள்னு கத்தினதும் நீங்கதானா?"

அவர் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். அவள் போய்க் கதவை மறித்து நின்றாள்.

"புகாரை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுங்க, ப்ரொஃபசர். அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."