லிபிகாவின் இடதுபக்கம்

அறுபத்தொரு பேரில் ஒருவர்கூட லிபிகாவைப் பார்க்கவில்லை.

அதை முதலில் கவனித்தவன் ஹிமாங்ஷு. குவஹாத்தியில் அவளுடைய புத்தகத்துக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவன். வங்கி வேலையை விட்டுவிட்டு நான்கு வருடமாக ஊர் ஊராகச் சுற்றிய லிபிகா ஹஸாரிகா, தான் தங்கிய வீடுகளைப் பற்றித் தன் பிளாகில் எழுதிவந்தாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிளம்பும்போது அந்த வீட்டு மனிதர் ஒருவரை வாசலில் நிறுத்தி ஒரே ஒரு படம் எடுப்பாள். ஸ்பிட்டியின் பனிமலையில் எடுத்தது முதல் படம். அப்புறம் கட்ச், பஸ்தர், கொல்லிமலை, கூர்க் என்று அறுபத்தொரு வாசல்கள். கடைசிப் படத்துக்காகத்தான் இப்போது மாஜுலித் தீவுக்கு வந்திருந்தாள். அவள் பிறந்த ஊரான ஜோர்ஹாட், ஆற்றின் மறுகரையில் இருந்தது. சொந்த ஊரின் எதிரே வந்து முடிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

"அக்கா, சிரிக்கக் கூடாது," என்றான் ஹிமாங்ஷு காலையில் போனில். "எல்லாப் படத்தையும் பிரிண்ட் போட்டு சுவத்துல ஒட்டிப் பாத்தேன். தனித்தனியா பாக்கறப்போ ஒண்ணும் தெரியல. மொத்தமா பாத்தா, ஒருத்தரும் கேமராவைப் பாக்கலையே?"

"அதுதானேடா அழகு. இயல்பா இருக்குன்னு எல்லாரும் எழுதறாங்க."

"இயல்புன்னா ஆளுக்கொரு பக்கம் பாக்கணும். இவங்க எல்லாரும் ஒரே இடத்தைப் பாக்கறாங்க. உங்க இடதுபக்கம். தோளுக்குக் கொஞ்சம் மேல."

லிபிகா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

போனை வைத்த பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். அவள் தங்கியிருந்த மாலோதி பெகுவின் வீடு மூங்கில் கால்களின் மேல் நின்றது. தரையும் பிளந்த மூங்கில்தான். இடுக்குகள் வழியே கீழிருந்து பன்றிகளின் உறுமலும், தறியின் டக் டக் ஓசையும், ஈரவைக்கோல் வாடையும், அடுப்பின் மேலே தொங்கவிட்டிருந்த மீன்களின் புகைமணமும் ஒன்றாகக் கலந்து மேலேறி வந்தன. வெளியே ஜனவரி மூடுபனி. மணி பத்தாகியும் கடுகு வயல் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது, எந்தத் திசையிலிருந்தும் வராத ஒரு வெள்ளை வெளிச்சம்.

படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாள். கூர்க்கின் காப்பித் தோட்டக் கிழவர். பஸ்தரின் கள் இறக்குபவர். கட்ச்சில் தன் மண்வீட்டின் முன் நின்ற கனிபாய் முத்வா. ஹிமாங்ஷு சொன்னது சரிதான். கண்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி, மரியாதையோடு, கொஞ்சம் தயங்கிப் பார்த்தார்கள்.

அவளுக்கு உடனே பிரஞ்சல்மேல்தான் சந்தேகம் வந்தது. கல்யாணம் நிச்சயமாகி, இரண்டாம் வருடத்திலிருந்து அவளோடு ஊர் ஊராக வந்தவன். முகத்தில் வெளிச்சம் விழ வெள்ளைத் தட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். எல்லாரும் அவனைத்தான் பார்த்திருக்க வேண்டும். அந்த எண்ணம் கொடுத்த நிம்மதி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. இரண்டு வருடம் முன்பு, கட்ச்சிலிருந்து திரும்பிய வாரத்தில், ஒரு காரணமும் சொல்லாமல் அவன் விலகிவிட்டான். அதற்குப் பிறகு எடுத்த முப்பது படங்களிலும் கண்கள் அதே பக்கம்தான் பார்த்தன.

அப்படியானால் யாரோ படங்களில் கைவைத்திருக்கிறார்கள். ஹிமாங்ஷுவும் பிரஞ்சலும் கல்லூரியில் ஒரே அறையில் தங்கியவர்கள். இன்றைக்கு இருக்கிற வசதியில் கண்களைத் திருப்பிவைப்பது என்ன பெரிய வேலை? அவளைப் பயமுறுத்த, அல்லது புத்தகத்தைக் கெடுக்க. பையின் அடியில் துணி சுற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். அதை அவளைத் தவிர யாரும் தொட்டதில்லை. மூலப்படங்களைத் திறந்தாள்.

எல்லாம் அப்படியேதான் இருந்தன.

ஒன்று மட்டும் புதிதாகத் தெரிந்தது. ஆரம்பப் படங்களில் எல்லாரும் கண்ணைச் சற்று இடுக்கியிருந்தார்கள், தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல. வருடம் போகப்போக அந்த இடுக்கம் குறைந்துகொண்டே வந்தது. சென்ற மாதம் கூர்க்கில் எடுத்த கிழவரின் இரண்டு கருமணிகளும் உள்ளுக்கு ஒருங்கியிருந்தன. மிக அருகில் இருப்பதைத்தான் ஒருவர் அப்படிப் பார்ப்பார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு பிரஞ்சலை அழைத்தாள்.

"நீயும் ஹிமாங்ஷுவும் சேர்ந்து என்ன விளையாட்டு விளையாடறீங்க?"

"லிபி? என்ன ஆச்சு?"

"போட்டோ எடுக்கறப்போ நீ என் இடதுபக்கம்தானே நிப்பே? அதை மட்டும் சொல்லு."

அவன் பக்கம் ஏதோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பேச்சு பிறர் காதில் விழக்கூடாது என்று அறைக்குள் போயிருக்க வேண்டும்.

"நான் வலதுபக்கம்தான் நிப்பேன். எப்பவும்."

"பொய் சொல்லாதே."

"இடதுபக்கம் நீ விடமாட்டே. ஒருதடவை அங்க வந்து நின்னதுக்கு முழங்கையால தள்ளிவிட்டே. 'அங்க இடமில்ல'ன்னே. ஞாபகம் இல்லையா?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"கட்ச்ல தினமும் சொன்னே." அவன் குரல் தணிந்தது. "லிபி, நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. இப்பவும் சொல்றியா?"

அவள் போனை அணைத்தாள். நடிக்கிறான். விட்டுப்போனதற்கு இப்போது ஒரு காரணம் செய்கிறான். அவன் சொல்வதை எல்லாம் எதற்கு நம்ப வேண்டும்? ஸ்பிட்டிக்கு அவள் தனியாகத்தான் போனாள். அப்போது பிரஞ்சல் யாரென்றே தெரியாது. முதல் படத்தில் நின்றவள் யாங்சென், தங்கியிருந்த வீட்டின் மருமகள். அவளைக் கேட்டால் தெரிந்துவிடும்.

மூன்றாவது முயற்சியில் இணைப்பு கிடைத்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே யாங்சென்னின் உற்சாகக் குரல்.

"லிபிகா அக்காவா! என்னக்கா, அடியோட மறந்துட்டீங்க! மாமியார் இன்னமும் கேக்கறாங்க, நம்ம பார்லிமாவு சாம்பாவுல மூணு தடவை உப்புப் போட்ட அந்தப் பொண்ணு எங்கேன்னு."

லிபிகா சிரிக்க முயன்றாள். "யாங்சென், நான் கிளம்பற அன்னைக்கு உன்னைப் படம் எடுத்தேனே. நீ என்னைப் பாக்காம வேற எங்கயோ பாத்துட்டிருந்தே. எதைப் பாத்தே?"





"நீங்க ஒண்ணும் சொல்லலையேக்கா. அதனால நாங்களும் கேக்கல."

"எதை?"

"அப்போ தூரத்துலதானே இருந்துச்சு. கணவாய்ப் பக்கம் இருந்து உங்களைப் பாத்து நடந்து வந்துக்கிட்டிருந்துச்சு." யாங்சென் குரலைத் தாழ்த்தினாள். "வந்து சேர்ந்துடுச்சாக்கா?"

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. அதன்பின் போன் அணைந்திருக்கிறது என்றது பதிவுக் குரல்.

லிபிகா எழுந்தாள். ஜன்னல் பக்கம் நடந்தாள். மூங்கில் தரை காலடிக்கு ஒரு முறை முனகியது. நான்கு அடி, நான்கு முனகல். நின்றாள்.

ஐந்தாவதாக ஒன்று கேட்டது. இடதுபக்கத்திலிருந்து.

கீழே தறி ஓசை நின்றுவிட்டது.

சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

மூங்கில் அப்படித்தான், மிதித்த பிறகும் முனகும், எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கேமராவை எடுத்துக்கொண்டு ஏணி வழியே இறங்கினாள். மாலோதி தறியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது, வெற்றிலை சிவந்த வாய். நேற்று மாலை லிபிகா வந்து இறங்கியபோது இதே வாய் ஓயாமல் கேலி பேசியது. "இவ்வளவு ஊர் சுத்தியும் ஒரு மாப்பிள்ளை கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். இப்போது தலை நிமிரவில்லை.

"அக்கா, ஒரு படம் எடுத்துக்கறேன்."

"கிளம்பறப்போ எடுக்கறேன்னு சொன்னியே."

"இப்பவே எடுத்துடறேன். என்னை மட்டும் பாருங்க. இதோ, இந்தக் கண்ணாடியை."

மாலோதி நிமிர்ந்தாள். லென்ஸைப் பார்த்தாள். லிபிகா பொத்தானை அழுத்துவதற்குள் அந்தக் கண்கள் நழுவின. ஈரத்தரையில் கால் வழுக்குவதுபோல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடதுபக்கம் போய்விட்டன. இன்னொரு முறை எடுத்தாள். அதுவும் அப்படியே. மாலோதி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் நழுவின.

"என்னைப் பாருங்கன்னு சொல்றேன் இல்ல!" லிபிகாவின் குரல் கிறீச்சிட்டது. "பிரஞ்சல் போன் பண்ணானா? எத்தனை பேரு சேர்ந்து இதைப் பண்றீங்க?"

"யாரும்மா அது?" மாலோதி நூலை விட்டுவிட்டு எழுந்தாள். "வேணாம் தங்கச்சி. படம் வேணாம். மூணு மணிக்குப் படகு இருக்கு. அதுல ஏறி அம்மா வீட்டுக்குப் போயிடு."

"நீங்க எதைப் பாக்கறீங்கன்னு சொல்லுங்க. போறேன்."

மாலோதி மேலே போய் லிபிகாவின் பையைக் கட்டிக் கொண்டுவந்தாள். சோற்றை வாழையிலையில் பொதிந்து கொடுத்தாள். பையை மாட்டிவிட வந்தவள் நேராக அருகில் வராமல், தூணைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கமாக வந்தாள். லிபிகா அதைக் கவனித்தாள். மாலோதியும், அவள் கவனித்ததைக் கவனித்தாள்.

"வழியில யாரையும் படம் பிடிக்காதே," என்று மட்டும் சொன்னாள்.

கமலாபாரி துறையில் படகு நிரம்பியிருந்தது. கூரைமேல் மோட்டார் சைக்கிள்கள், உள்ளே பால்கேன்கள், வாத்துக்கூடைகள், சந்தைக்குப் போகும் பெண்கள், கம்பளி போர்த்திய ஆண்கள். டீசல் புகையும் ஈரக் கம்பளி நாற்றமும் தொண்டையைக் கரகரக்க வைத்தன. எஞ்சின் தடதடத்தது. கரை ஐந்து நிமிடத்தில் பனியில் கரைந்தது. அதன்பின் நாலாபுறமும் வெள்ளை. ஆறும் தெரியவில்லை, தண்ணீர் பலகையில் மோதும் ஓசை மட்டும் கேட்டது.

லிபிகா பெஞ்சு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, சிவப்புக் கம்பளிக் கையுறைக்குள் விரல்களை இறுக்கிக்கொண்டாள். யாரையும் பார்க்கக் கூடாது. முக்கால் மணி நேரத்தில் மறுகரையின் நிமாத்தித் துறை. அங்கிருந்து ஆட்டோ. அம்மா.

நிற்கக்கூட இடமில்லாமல் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள்.

அவளுக்கு இடதுபக்கம் மட்டும் பெஞ்சு காலியாக இருந்தது.

ஓர் ஆள் உட்காரும் இடம்.

"உக்காருங்க," என்றாள் எதிரே நின்ற, இடுப்பில் வாத்துக்கூடையைத் தாங்கியிருந்த பெண்ணிடம். "இடம் இருக்கே. உக்காருங்க."

அந்தப் பெண் பணிவாகத் தலையை ஆட்டி மறுத்தாள். உட்கார்ந்திருக்கும் ஒருவரை எழுப்ப விரும்பாதவள்போல.

லிபிகா நிமிர்ந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை அல்ல. அந்தக் காலி இடத்தை. நாற்பது, ஐம்பது ஜோடிக் கண்கள். வாத்துகள்கூடச் சத்தம் போடவில்லை.

பிறகு கண்கள் நகர்ந்தன.

மெதுவாக, எல்லாம் ஒன்றாக, எழுந்து நிற்கும் ஒருவரைத் தொடர்வதுபோல மேலே போயின. பின்பு வலதுபக்கம் திரும்பின. அவளை நோக்கி. இன்னும் நகர்ந்தன. இன்னும்.

கேமரா எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியாது. எதையும் அதன் வழியாகப் பார்த்தே பழகிவிட்டவள். கண்ணில் வைத்தாள். வாத்துக்கூடைப் பெண்ணின் முகம் தெளிந்தது.

அவள் நேராகப் பார்த்தாள். லென்ஸுக்குள். நழுவாமல். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் நேராகவே பார்த்தார்கள். நான்கு வருடத்தில் முதல் முறையாக எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

பொத்தானை அழுத்தினாள்.

கேமராவை மார்பளவுக்கு இறக்கினாள். பின்னால் இருந்த சிறு திரையில் படம் வந்தது. முகத்தைப் பெரிதாக்கினாள். கண்ணைப் பெரிதாக்கினாள். கருமணி. இன்னும் பெரிதாக்கினாள். ஈரம் மின்னிய அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் படகின் கூரை வளைந்து தெரிந்தது. அதன்கீழ் வெள்ளைப் பனி. நடுவில் அவள். முகத்தை மறைத்தபடி கேமரா.

கேமராவைப் பிடித்திருந்த கைகளை எண்ணினாள்.

இரண்டு, சிவப்புக் கையுறை போட்டவை.

அவற்றின்மேல் இன்னும் இரண்டு. வெறுங்கைகள். நீண்ட விரல்கள். அவளுடைய ஒவ்வொரு விரலின்மீதும் ஒரு விரலை வைத்து, குழந்தைக்கு எழுதப் பழக்குகிறவரைப் போல, பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தன.