வெயில்தோல் துடைக்க மூன்று துண்டுகள்

தணிகாசலத்தின் வீட்டில் அந்த ஆண்டு முந்நூற்றுப் பத்து கிராம் பூமி மிச்சமிருந்தது.

செவ்வாய்க் கோளின் பொதிகைக் குமிழ்க் குடியிருப்பில் இப்படிச் சொன்னால் யாரும் வியப்பதில்லை. பூமியிலிருந்து வரும் சரக்குக் கலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு கிலோ இடம். அதற்குப் பெயர் எடைப்பங்கு. பொருள் மலிவா, உயர்வா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எத்தனை கிராம் என்றுதான் கேட்பார்கள்.

தணிகாசலத்துக்கு வேண்டியவை வண்டி துடைக்கும் மைக்ரோஃபைபர் துண்டுகள். அங்கே வண்டிக்கு மேல் பூசியிருப்பது வெறும் வண்ணம் அல்ல, வெயில்தோல். வெயிலை உண்டு வண்டியை ஓட்டுவது அதுதான். ஓடும்போது படியும் தூசை வண்டியே உதறிவிடும். ஒட்டிக்கொள்ளும் மாவுத்தூசை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை கையால் துடைத்து, சோதனைக்கு நிறுத்த வேண்டும். நீர் உருட்டி மழுக்காத தூசு அது. ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடி. வெயில்தோலில் நூறு கீறல் விழுந்தால் வண்டியை ஓட்டக்கூடாதென்று முத்திரை வைத்துவிடுவார்கள். தோல் மீண்டும் வளர அரை ஆண்டு ஆகும். தணிகாசலத்தின் வண்டியில் தொண்ணூற்றொரு கீறல்கள் இருந்தன.

நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி வைகைக் குமிழில் இருந்த மகள் நறுமுகை, தான் கருவுற்றிருக்கும் செய்தியைச் சொன்ன மாதம் அது. பிரசவத்துக்குப் போக வண்டி வேண்டும். சரக்கு வண்டிகள் ஆள் ஏற்றுவதில்லை.

"ஐந்நூறு ஜி.எஸ்.எம். கனத்தில் துண்டு ஒன்று எண்பது கிராம். முந்நூறு என்றால் நாற்பத்தெட்டு கிராம்தான்," என்றது தேர்வி. பொருள் வாங்க உதவுவதற்காகச் சுவரில் குடியிருக்கும் குரல் அது. "தடித்ததில் தூசு இழைக்குள் போய்விடும், தோலில் உரசாது. மெல்லியதில் எண்ணிக்கை கூடும். ஓரத்தையல் உள்ளது, இல்லாதது என்று இருவகை. தையலும் கீறும்."

"எத வாங்குறதுன்னு ஒரே வார்த்தையில சொல்லித் தொலையேன்."

"உங்கள் தேவையைப் பொறுத்தது, ஐயா."

மூன்று வாரம் இதே பதில். தணிகாசலம் தலையைப் பிடித்துக்கொண்டு, வாங்கியவர்களின் கருத்துகளைப் படிக்கச் சொன்னார். பதினான்காயிரத்து முந்நூற்றிரண்டு கருத்துகள் இருந்தன. அத்தனையும் ஐந்து நட்சத்திரம்.

"'பார்க்க அருமை. இன்னும் பயன்படுத்தவில்லை.' அடுத்தது: 'நிறம் படத்தில் உள்ளபடியே இருக்கிறது.' அடுத்தது: 'மைத்துனருக்குப் பரிசளித்தேன். மகிழ்ந்தார்.'"

"ஏய், இதுல தொடச்சவன் ஒருத்தன்கூடவா இல்ல?"

தேர்வி சற்று நேரம் தேடியது. "இல்லை, ஐயா."

சமையலறையிலிருந்து செண்பகவல்லி எட்டிப்பார்த்தாள். "ஏங்க, பிரசவ மருந்துக்கு நூறு கிராம் சுக்கு, அம்பது கிராம் பெருங்காயம் எழுதச் சொன்னேனே, எழுதியாச்சா?"

"அப்ப தடிச்ச துண்டு ரெண்டுதான் வரும். மூணாவது வேணும் செண்பகம். மேலுக்கு ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு, கடைசியா மெருகுக்கு ஒண்ணு."

"பிள்ளை பெத்தவளுக்குத் துண்டத் தின்னக் கொடுப்பீங்களா?"

"வண்டி போனாத்தானே நீ மருந்தே கொடுப்ப?"

அவள் உள்ளே போய்விட்டாள். வெளியே காற்று தூசை அள்ளிக் குமிழ்ச் சுவரில் போட்டது. ஒரு மணி நேரம் கழித்து அவளே வந்து, "சுக்கு வேணாம். பெருங்காயம் மட்டும் எழுதுங்க," என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏழு மாதம் கழித்துத் துண்டுகள் வந்தன. மறுநாள் சோதனை. பிரசவத்துக்குப் பன்னிரண்டு நாள்.

உறையைப் பிரித்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள். சாம்பல் நிறம், ஓரத்தையல் இல்லை. செண்பகவல்லி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, எவ்வளவு மெதுவா இருக்கு! இதுல போயா வண்டியத் தொடைக்கப் போறீங்க?"

"அதுக்குத்தானே வாங்கினது."

சொன்னாரே தவிர, கை போகவில்லை. வண்டியில் விரல்கனத்துக்கு மாவுத்தூசு. ஒரே இழுப்பில் துண்டு சிவந்துவிடும். கழுவத் தண்ணீர்ப் பங்கீட்டில் இடமில்லை. முதல் கை எதிலாவது துடைத்துவிட்டு, மெருகுக்கு மட்டும் இதை எடுத்தால் என்ன? நியாயமான யோசனையாகத்தான் பட்டது. பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய பனியன் ஒன்றை எடுத்தார்.

பனியன் நன்றாகவே துடைத்தது. வண்டி பளபளத்தது. தணிகாசலம் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். இதற்கு மேல் என்ன மெருகு? புதுத் துண்டை வீணாக அழுக்காக்குவானேன்? மூன்றையும் மடிப்புக் கலையாமல் உறையிலேயே போட்டு, பீரோவில் செண்பகவல்லியின் பட்டுப்புடவைக்கு மேல் வைத்தார்.

மறுநாள் தோலாய்வி வண்டியின் மேல் எட்டுக் கால்களோடு ஊர்ந்தது. சோதனை நிலையத்து எந்திரம் அது. முகமன் சொல்லத் தெரியாது.

"கீறல்கள் நூற்றுப் பதினான்கு. தோலில் பருத்தி இழைகள் உள்ளன. பின்னல் வகை: பனியன்."

"ஒரே ஒரு தடவதான் சார்..."

"இன்றைக்கு இது பதினேழாவது பனியன். பொதிகைக் குமிழில் எண்ணூறு வீடுகள். எடைப்பங்கில் துண்டு வாங்கியவை எழுநூற்றுத் தொண்ணூறு. வெயில்தோலில் மைக்ரோஃபைபர் இழையை நான் இதுவரை கண்டதில்லை." அது முத்திரையை ஒட்டியது. "அந்தத் துண்டுகள் எங்கே போகின்றன? என் அறிக்கையில் அந்தக் கட்டம் ஒன்பது ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது."

தணிகாசலம் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடந்து வந்ததிலேயே செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது. அவள் பெருங்காயப் பொட்டலத்தைக் கையில் வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் எழுந்துபோய், பீரோவைத் திறந்து, துண்டுகள் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்தாள்.

"ஆறு மாசம் கழிச்சு வண்டி கெடைச்சதும் அவளையும் பிள்ளையையும் இங்க கூட்டிட்டு வருவோம்," என்றாள். "குளிப்பாட்டினா துவட்ட ஆகும்."

ஒரு துண்டை உருவி விரித்துப் பார்த்தாள். கையிலிருந்த துண்டை மறுபடியும் உறையில் போட்டாள்.

"இல்ல, அதுக்குப் பழைய வேட்டி இருக்கு."

அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, அண்மையில் வாங்கிய மைக்ரோஃபைபர் துண்டுகள் எப்படி இருக்கின்றன? உங்கள் கருத்து, பூமியிலும் செவ்வாயிலும் வாங்கக் காத்திருப்பவர்களுக்கு உதவும்."

தணிகாசலம் சுவர்ப் பக்கம் திரும்பினார். தேர்வி காத்திருந்தது.

"அஞ்சு நட்சத்திரம்," என்றார்.

"காரணம்?"

"ரொம்ப மெதுவா இருக்கு. ஓரத்தையல் இல்ல."

"துடைத்துப் பார்த்தீர்களா?"

அவர் பீரோவைப் பார்த்தார். செண்பகவல்லி கதவைச் சாத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பயன்படுத்தவில்லைன்னு போட்டுக்கோ."

"நன்றி, ஐயா. இது பதினான்காயிரத்து முந்நூற்று மூன்றாவது கருத்து."