மாரீஸ்வரன் சொன்னதாக

அவள் வாயை மூடிய பிறகும் போன் எழுதிக்கொண்டிருந்தது.

செல்லக்கனி புத்தகத்தைக் கையால் எழுதுகிறவள் அல்ல. போனை எதிரே வைத்து வாயால் சொல்லுவாள், அது எழுத்தாக்கிவிடும். மந்திரவாதிகள் உரிமம் வாங்கிக் கடை போட்டிருக்கிற ராஜபாளையத்தில், அவர்களில் பெரிய கையான மாரீஸ்வரன் செத்த சில மாதங்களிலேயே அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்படித்தான் சொல்லி முடித்தாள். அந்த மனிதரை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்காவிட்டால் என்ன, கண்ணு காது மூக்கு வைத்துக் கதை கட்ட அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? பிள்ளைகளின் குரலைப் பறித்துத்தான் மந்திரத்துக்குத் தீனி போட்டேன் என்று அவரே தன்னிடம் ஒப்புக்கொண்டதாக ஓர் அத்தியாயம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவாவுக்குச் சமமாக அது விற்றது.

இப்போது இரண்டாம் பாகம். அய்யனார் கோவில் மலையில் கறுத்த மழை ஊருக்குள் இறங்கி, கரண்டும் போய், சாயங்காலமே வீடு இருட்டிக் கிடந்தது. நனைந்த மண்ணின் வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம், பொசுங்கிய முடியும் பழைய சாம்பிராணியும் கலந்தது, சமையல்கட்டிலிருந்து கிளம்பிச் சுவரோரமாக நகர்ந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. உள்ளறையில் ஆறு வயது மகள் தர்ஷினி பள்ளிக்கூடப் பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

போனில் எழுத்து ஊர்ந்தது: நல்லா சொன்ன. இனிமே நான் சொல்லுதேன்.

வாசலில் கேட்ட பேச்சு அவளுக்கு நினைவு வந்தது. மத்தியானம் தேவதானத்திலிருந்து மாரீஸ்வரனின் மனைவி இருளம்மாள் வந்திருந்தாள். வாசற்படி ஏறாமலே நின்று பேசினாள்.

"அவிய வாயக் கட்டித்தான் தாயி அடக்கம் பண்ணுனோம். மந்திரவாதி செத்தா, வருசம் திரும்புற வரைக்கும் அவிய சொன்னாகன்னு ஒரு வார்த்த பேச மாட்டோம். பேசுனா கட்டு அவுந்துரும். நீ, அவிய சொல்லாததையெல்லாம் சொன்னதா எழுதிட்ட."

"கதைதான ஆச்சி. அம்புட்டுப் பேரும் ரசிச்சுப் படிக்காக."

"உசிரோட இருந்தப்ப அவிய ஒரு பிள்ளயத் தொட்டதில்ல. இனி நீ சொன்னபடிதான் வருவாக."

இருட்டில் செல்லக்கனி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பொய். அம்புட்டும் பொய். அவிய எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் திரையில் விழவில்லை. கீழே வேறு வரி வந்தது: பிள்ள நல்லா பாடுது.

முதுகுக்குப் பின்னால் இருந்த வாசம் இப்போது அங்கே இல்லை. உள்ளறைப் பக்கம் போயிருந்தது.

பாட்டு நின்றது. பாதியில்.

ஓடினாள். கதவு. இருட்டு. கட்டிலில் பிள்ளை. உயிரோடுதான் இருந்தாள். கண் திறந்திருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். சத்தம் இல்லை. மூச்சுக்காற்று மட்டும்.

செல்லக்கனி அவளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏட்டி, பேசு. அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசு."

அப்போது தெருவில் கேட்டது. சன்னலுக்கு வெளியே, மழைக்குள், தர்ஷினியின் குரல். பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டே, ஒரு கிழவரின் நிதானமான செருப்புச் சத்தத்தோடு, மேற்கே மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.